மீட்டியது ஒரு சுரம், கேட்பது மூன்று!

மாணவர்களே, மின்கித்தார் வாசிக்கும் நண்பர் ஒருவர் உங்களிடம் ஒரு சிக்கலோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருக்கிறது. மெதுவாக வாசிக்கும்போது ஒலி நன்றாகவே இருக்கிறது. ஒலியளவைக் கூட்டி, மேல் ஸ்தாயியில் ஒரே ஒரு கம்பியை மீட்டினால் மட்டும், அந்தச் சுரத்தோடு வேறொரு சுரமும் மங்கலாகச் சேர்ந்து ஒலிக்கிறது. அது சுருதியில் சேரவே இல்லை. நண்பர் மீண்டும் சுருதி கூட்டிப் பார்த்துவிட்டார்; புதுக் கம்பியும் போட்டுவிட்டார். அந்த வேண்டாத சுரம் போகவில்லை.

விசாரித்தால், “வால்வை மாற்று” என்கிறார் ஒருவர். “ஸ்பீக்கர் போய்விட்டது” என்கிறார் இன்னொருவர். இரண்டுமே பணம் பிடிக்கும் வேலை. ஊகித்து ஊகித்து ஒவ்வொன்றாக மாற்றினால், கடைசியில் குறையும் தீராமல் பணமும் தீர்ந்துவிடும். நல்ல வேளையாக, அலைகளைப் பற்றிப் பள்ளியில் நீங்கள் படிக்கும் பாடமே இந்தக் குறை எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். ஒரு சின்னப் பெருக்கலும் ஒரு சின்னக் கூட்டலும் தெரிந்தால் போதும்.

மேற்சுரம் என்றால் என்ன?

கித்தாரின் ஐந்தாவது கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால், அது வினாடிக்கு 110 முறை அதிர்கிறது. இது அதன் அடிப்படை அதிர்வெண், 110 ஹெர்ட்ஸ். ஆனால், கம்பி அந்த ஒரு வகையில் மட்டும் அதிர்வதில்லை. அதே நேரத்தில் இரண்டு பாதியாகவும், மூன்று பங்காகவும், நான்கு பங்காகவும் பிரிந்து அதிர்கிறது. அதனால் 220, 330, 440, 550 ஹெர்ட்ஸ் ஒலிகளும் கூடவே பிறக்கின்றன. இவைதான் மேற்சுரங்கள்.

மேற்சுரம் என்பது குறை அன்று. கித்தாரையும் புல்லாங்குழலையும் வயலினையும் ஒரே சுரத்தில் வாசித்தாலும் நம் காது வேறுபாட்டை உணர்கிறதே, அதற்கு முக்கியக் காரணம் மேற்சுரங்களின் கலவைதான். அடிப்படையின் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று முழு எண் மடங்குகளாக அவை அமைந்திருப்பதால், காது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சுரமாக எடுத்துக்கொள்கிறது. இந்த ‘மடங்கு’ என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் துப்பறியும் வேலைக்கு அதுதான் முதல் தடயம்.

வால்வின் வேலை

வால்வு என்பது காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாய். உள்ளே ஓர் உலோகப் பகுதி சூடாக்கப்படும்போது அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, எதிரே உள்ள நேர்மின் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. 1904இல் ஜான் அம்புரோஸ் ஃபிளெமிங் உருவாக்கிய வால்வில் இந்த இரண்டு முனைகள் மட்டுமே இருந்தன. அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் 1906இல் தொடங்கிய ஆய்வுகளில், இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வலைக்கம்பியைச் சேர்த்தார். அந்த வலையில் சிறிய மின்னழுத்த மாற்றம் ஏற்பட்டாலும், தகட்டுக்குப் போகும் மின்னோட்டம் பெரிதாக மாறுகிறது. தண்ணீர்க் குழாயின் திருகை இலேசாகத் திருப்பினால் பெரிய நீரோட்டமே கூடிக் குறைகிறது அல்லவா? அதுபோலத்தான். வானொலி, தொலைக்காட்சி, முதல் கணினிகள் எல்லாம் இந்த வால்வை நம்பித்தான் இயங்கின.

பிறகு டிரான்சிஸ்டர் வந்து வால்வின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் கித்தார் கலைஞர்கள் பலர் இன்றும் வால்வை விடவில்லை. அளவுக்கு மீறி முடுக்கும்போது வால்வு அலையைச் சட்டென்று வெட்டாமல், உச்சியைச் சற்று மழுங்கச் செய்கிறது. அலையின் வடிவம் மாறினால் புதிய மேற்சுரங்கள் பிறக்கும். 440 ஹெர்ட்ஸ் சுரத்தை அனுப்பினால் 880, 1320, 1760 என்று மடங்குகள் கூடுதலாக வெளிவரும். இதைத்தான் ‘டிஸ்டார்ஷன்’ என்று இசைக்கலைஞர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் ‘தி கிங்க்ஸ்’ குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ், 1964இல் தம் சிறிய ஆம்ப்பின் ஸ்பீக்கர் கூம்பைப் பிளேடால் கிழித்தே இப்படி ஒரு கரகரப்பை உண்டாக்கினார்!

ஆக, எல்லாக் கூடுதல் ஒலியும் பழுது அன்று. நண்பரின் ஆம்ப்பில் கேட்பது எந்த வகை?

முதல் கேள்வி: பெருக்கலா, கூட்டலா?

இதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஒலியின் நிறமாலையைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைக் கைத்தொலைபேசியில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். வானவில்லில் ஒளி நிறம் நிறமாகப் பிரிவதைப்போல, இந்தச் செயலி ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும். தொலைபேசியை ஆம்ப்பிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். மிக அருகில் வைத்தால் தொலைபேசியின் ஒலிவாங்கியே திணறித் தானும் சில மேற்சுரங்களைச் சேர்த்துவிடும்.

இப்போது நண்பரை, ஆக மெல்லிய கம்பியின் ஐந்தாம் கட்டில் விரலை அழுத்தி மீட்டச் சொல்லுங்கள். அது 440 ஹெர்ட்ஸ். திரையில் தெரியும் கோடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அதே கம்பியின் பதினேழாம் கட்டில் மீட்டச் சொல்லுங்கள். அது 880 ஹெர்ட்ஸ், அதாவது சரியாக இரண்டு மடங்கு.

கூடுதல் ஒலிகள் முதல் முறை 880, 1320 என்றும், இரண்டாம் முறை 1760, 2640 என்றும் இருந்தால், அவை மடங்குகள். சுரம் இரட்டித்தால் அவையும் இரட்டிக்கின்றன. இது பெருக்கல் வகை.

மாறாக, முதல் முறை 340, 540 என்றும், இரண்டாம் முறை 780, 980 என்றும் கோடுகள் தெரிகின்றனவா? கவனியுங்கள்: 340ஐ இரட்டித்தால் 680தான் வரும், 780 வராது. அப்படியானால் இவை மடங்குகள் அல்ல. ஆனால் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 440இலிருந்து 100ஐக் கழித்தால் 340, கூட்டினால் 540. 880இலிருந்து 100ஐக் கழித்தால் 780, கூட்டினால் 980. எந்தச் சுரத்தை வாசித்தாலும் இருபுறமும் அதே 100! இது கூட்டல் வகை. 340 ஹெர்ட்ஸ் என்பது கித்தாரின் எந்தக் கட்டிலும் பொருந்தாமல் இரண்டு சுரங்களுக்கு நடுவே விழுகிறது. அதனால்தான் காதுக்கு அது சுருதி பிசகியதாகக் கேட்கிறது. இதைக் கித்தார் உலகில் ‘பேய்ச் சுரம்’ என்பார்கள்.

சோதனையில் ஒன்றை மறக்கக்கூடாது: ஒரு நேரத்தில் ஒரே கம்பியைத்தான் மீட்ட வேண்டும். இரண்டு சுரங்களை ஒன்றாக டிஸ்டார்ஷனில் செலுத்தினால், அவற்றின் கூட்டலும் வேறுபாடும் இயல்பாகவே தோன்றும். அது பழுது அன்று. 220, 330 ஹெர்ட்ஸ் சுரங்களைச் சேர்த்து வாசித்தால் வேறுபாடு 110, கூட்டல் 550. இரண்டுமே 110இன் மடங்குகள் என்பதால் இனிமையாகப் பொருந்துகின்றன. ராக் இசையில் 2:3 விகிதச் சுரச் சேர்க்கை அதிகம் பயன்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்த 100 எங்கிருந்து வருகிறது?

நம் வீட்டுச் சுவரில் இருக்கும் மின்சாரத்திலிருந்து! மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். வால்வுகளுக்குத் தேவைப்படுவதோ நேர்திசை மின்னோட்டம். ஆகவே ஆம்ப்பின் உள்ளே உள்ள அலைதிருத்தி, ஒவ்வோர் அலையின் கீழ்ப்பாதியையும் மேலே திருப்பிவிடுகிறது. வினாடிக்கு 50 அலைகள் என்றால், மேலும் கீழுமாக 100 மேடுகள். எல்லாம் மேல்பக்கமாக மாறியதும் வினாடிக்கு 100 துடிப்புகள் கிடைக்கின்றன.

இந்தத் துடிப்புகளைச் சமன்படுத்துவது மின்தேக்கிகளின் வேலை. ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றப்படுகிறது. கீழே குழாயில் தொடர்ச்சியாகத் தண்ணீர் போகிறது. தொட்டி பெரிதாக இருந்தால், வாளி வாளியாக ஊற்றினாலும் நீர்மட்டம் அவ்வளவாக ஆடாது. தொட்டி சிறியதாகிவிட்டால் ஒவ்வொரு வாளிக்கும் மட்டம் ஏறி இறங்கும். ஆம்ப்பில் உள்ள மின்பகு மின்தேக்கிகளின் உட்புறம் ஈரமான வேதிப்பொருளால் ஆனது. ஆண்டுகள் போகப்போக அது உலர்கிறது. மின்தேக்கியின் கொள்திறன் குறைகிறது. சூடு கூடினால் உலர்வது இன்னும் விரைவாகும். வால்வுகளோ அடுப்புபோல் சூட்டைக் கக்குபவை. ஆகத் தொட்டி மெல்ல மெல்லச் சுருங்குகிறது.

ஒலியளவு குறைவாக இருக்கும்போது வால்வுகள் எடுக்கும் மின்னோட்டமும் குறைவு. சுருங்கிய தொட்டியே தாக்குப்பிடிக்கும். ஒலியளவைக் கூட்டினால் குழாயை முழுவதும் திறந்துவிட்டதுபோல் ஆகிவிடும். மின்னழுத்தம் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஆம்ப்பின் பெருக்கும் திறனும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். யாரோ ஒருவர் ஒலியளவுத் திருகை வினாடிக்கு 100 முறை கூட்டிக் குறைப்பதற்கு இது சமம்.

ஒலி கூடிக் குறைந்தால் புதுச் சுரம் ஏன் பிறக்க வேண்டும்? 440 ஹெர்ட்ஸ் சுரத்தை வினாடிக்கு 4 முறை கூட்டிக் குறைத்தால், அது ‘வ்வாம் வ்வாம்’ என்று விம்மி விம்மிக் கேட்கும். அலையாகப் பிரித்துப் பார்த்தால் அந்த ஒலி 436, 440, 444 ஹெர்ட்ஸ் என்ற மூன்று அலைகளின் கூட்டுத்தொகை. மூன்றும் மிக நெருக்கமாக இருப்பதால் காது பிரித்துக் கேட்பதில்லை. அதே விம்மல் வினாடிக்கு 100 முறை நடந்தால், மூன்று அலைகளும் 340, 440, 540 என்று விலகிப் போகின்றன. இப்போது காதால் பிரித்துக் கேட்க முடிகிறது. நண்பரின் ஆம்ப்பில் கேட்கும் பேய்ச் சுரம் இதுதான்.

“வாசிக்காமல் இருக்கும்போது ஆம்ப் அமைதியாகத்தானே இருக்கிறது? மின்தேக்கி கெட்டிருந்தால் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வர வேண்டாமா?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆற்றல் மிக்க ஆம்ப்களில் பெரும்பாலும் இரண்டு (அல்லது நான்கு) வால்வுகள் எதிரெதிராக வேலை செய்கின்றன. இரண்டுக்கும் ஒரேபோல் வரும் துடிப்பு, வெளியே போகும் மின்மாற்றியில் ஒன்றை ஒன்று நீக்கிக்கொள்கிறது. அதனால் இரைச்சல் இல்லை என்பதை மட்டும் வைத்து மின்தேக்கி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

எல்லா ஆம்ப்பிலும் இதே பழுதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடத்தில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்தது நினைவிருக்கிறதா? பழுது தேடுவதும் அதே முறைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவை அப்படியே இருக்க வேண்டும். எளிதானதிலிருந்து கடினமானதற்குப் போக வேண்டும்.

1. கித்தார்: முதலில் வேறொரு கித்தாரை, வேறொரு வயரோடு அதே ஆம்ப்பில் செருகி வாசியுங்கள். பேய்ச் சுரம் போய்விட்டால் குறை ஆம்ப்பில் இல்லை. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப்பின் காந்தம் மிக நெருங்கியிருந்தால், அது எஃகுக் கம்பியை இழுத்து அதன் அதிர்வைக் குலைக்கும். தடித்த கம்பிகளை மேல் கட்டுகளில் வாசிக்கும்போது இரண்டு சுரம் விம்முவதுபோல் கேட்கும். பிக்கப்பின் இருபுறமும் உள்ள திருகாணியைத் திருப்பிச் சற்று இறக்கினால் சரியாகிவிடும். செலவே இல்லை.

2. அறை: ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் ‘கிர்ர்’ என்று கேட்டால் சுற்றிலும் பாருங்கள். அடுக்குக் கண்ணாடிச் சன்னல், மேளத்தின் அடியில் உள்ள கம்பிச் சுருள், ஆம்ப்பின் தளர்ந்த திருகாணி என்று எது வேண்டுமானாலும் ஒத்ததிர்வில் ஆடலாம். ஒவ்வொன்றையும் கையால் பிடித்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான்.

3. ஸ்பீக்கர்: ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு சில அதிர்வெண்களில் முழுவதும் ஒன்றாக அசையாமல், விளிம்பு தனியாக நெளிய ஆரம்பிக்கும். அப்போது வாசித்த சுரத்தின் பாதி அதிர்வெண்ணில் ஓர் ஒலி கிளம்புவதுண்டு. 600 ஹெர்ட்ஸுக்கு 300 என்பதுபோல. ஓரிரு சுரங்களில் மட்டும் தோன்றி மற்றவற்றில் மறைவது இதன் அடையாளம். ஆம்ப்பை அணைத்துவிட்டு, அதே ஓம் அளவும் போதிய வாட் திறனும் உள்ள வேறு ஸ்பீக்கரை இணைத்துப் பாருங்கள். ஆனால் ஸ்பீக்கரே இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஒருபோதும் இயக்கக்கூடாது. ஆற்றல் போக வழியில்லாமல் மின்மாற்றியில் மிக உயர்ந்த மின்னழுத்தம் எழும்பி, மின்மாற்றியும் வால்வும் கருகிவிடலாம்.

4. வால்வு: பழைய வால்வின் உள்ளுறுப்புகள் தளர்ந்திருந்தால், அது ஒலிவாங்கிபோல் அதிர்வைப் பிடித்து மணியோசை எழுப்பும். தொழில்நுட்பர் மரக்குச்சியால் வால்வை மெல்லத் தட்டிப் பார்ப்பார். தட்டும்போது ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று பலமாகக் கேட்டால் அந்த வால்வு சந்தேகத்துக்குரியது. சுரம் தேய்ந்து மறையும்போது மட்டும் கரகரத்தால், எதிரெதிராக வேலை செய்யும் இரண்டு வால்வுகளும் ஒன்றிடமிருந்து ஒன்று வேலையை வாங்கிக்கொள்ளும் இடத்தில் இடைவெளி விழுந்திருக்கலாம். இதைத் தொழில்நுட்பர் அளந்து சரிசெய்வார்.

5. மின்வழங்கி: மேலே சொன்ன நான்கும் தப்பித்துவிட்டன, திரையிலோ அதே ‘கூட்டல் 100, கழித்தல் 100’ தெரிகிறது என்றால், மின்தேக்கிகள்தாம் முதல் சந்தேகம். இவற்றை மாற்றுவது தொழில்நுட்பருக்கு வழக்கமான வேலைதான்.

மூடியைத் திறக்காதீர்கள்

இங்கேதான் உங்கள் வேலை முடிகிறது. வால்வு ஆம்ப்பின் உள்ளே 300 முதல் 500 வோல்ட் வரை நேர்திசை மின்னழுத்தம் இருக்கும். அது உயிரைப் பறிக்கக்கூடியது. செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று நினைப்பது பெரிய தவறு. மின்தேக்கி என்பது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் தொட்டி. ஆம்ப்பை அணைத்த பிறகும் அது நெடுநேரம் நிறைந்தே இருக்கக்கூடும். அதைப் பாதுகாப்பாக வடித்து, அளவுமானியால் உறுதிசெய்த பிறகே தொழில்நுட்பரும் உள்ளே கை வைப்பார். இணையத்தில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு நாமும் செய்யலாம் என்று இறங்கக்கூடிய வேலை இது அன்று. அணைத்த உடனே வால்வைத் தொடவும் கூடாது, விரல் வெந்துவிடும்.

ஆனால் வெறுங்கையோடு கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்: எந்தச் சுரத்தில் கேட்டது, ஒலியளவுத் திருகு எந்த எண்ணில் இருந்தது, திரையில் எத்தனை ஹெர்ட்ஸில் கோடுகள் தெரிந்தன, எவற்றை மாற்றியும் குறை மாறவில்லை. “ஏதோ ஒரு மாதிரியாகக் கேட்கிறது” என்று சொல்வதற்கும், “440 வாசித்தால் 340உம் 540உம் வருகின்றன, வேறு கித்தார், வேறு ஸ்பீக்கர் போட்டும் மாறவில்லை” என்று சொல்வதற்கும் எவ்வளவு வேறுபாடு! தொழில்நுட்பர் நேராக மின்தேக்கிகளைச் சோதிப்பார். தேவையில்லாத வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நண்பர் பணம் கட்ட வேண்டியிருக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

அ. அமெரிக்காவில் மின்சாரத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். அங்கே இதே பழுதுள்ள ஆம்ப்பில் 440 ஹெர்ட்ஸ் சுரத்தை வாசித்தால், பேய்ச் சுரங்கள் எந்த அதிர்வெண்களில் தோன்றும்?

ஆ. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஆம்ப் ஒன்றை, மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி மூலம் நம் வீட்டில் இயக்குகிறோம். இப்போது 440 ஹெர்ட்ஸ் சுரத்துக்குப் பேய்ச் சுரங்கள் எவை?

இ. ஓர் ஆம்ப்பில் 660 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு மட்டும் 330 ஹெர்ட்ஸில் கூடுதல் கோடு தெரிகிறது. வேறு சுரங்களில் அது இல்லை. எதை முதலில் மாற்றிப் பார்ப்பீர்கள்?

விடைகள்: அ. 320, 560 ஹெர்ட்ஸ். ஆ. மின்மாற்றி மின்னழுத்தத்தை மாற்றுமே தவிர அதிர்வெண்ணை மாற்றாது. ஆகவே 340, 540 ஹெர்ட்ஸ். இ. பாதி அதிர்வெண், அதுவும் ஒரே சுரத்தில் மட்டும், முதலில் ஸ்பீக்கர்.